ஆறடிக் கம்பியும் ஒரு லேப்டாப்பும்

ஜூன், ஜூலை வந்தால் போதும், வீட்டுக்கு போன் வர ஆரம்பித்துவிடும். மயூர் விஹார், ஆர்.கே.புரம், கரோல் பாக், இந்தப் பக்கம் நொய்டா, அந்தப் பக்கம் குர்காவ்ன் என்று தில்லியைச் சுற்றி இருக்கும் நம்ம ஆட்களின் பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வெளியூர் காலேஜுக்குக் கிளம்பும் சீசன். "சார், பையனுக்கு லேப்டாப் வாங்கணும். ஐ-ஃபைவ் போதுமா, ஐ-செவன் போகலாமா? ராம் எவ்வளவு இருந்தா நல்லது?" கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபது வருஷம் குப்பை கொட்டியதற்கு எனக்குக் கிடைத்திருக்கும் மரியாதை இதுதான் :-)

நானும் சலிக்காமல் பதில் சொல்வேன். கடைசியாக, "பூட்டு வாங்கியாச்சா?" என்று கேட்பேன். "பெட்டிக்குத்தானே சார்? அது இருக்கு" என்பார்கள். பெட்டிக்கு இல்லை, லேப்டாப்புக்கு என்றால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அறுபதாயிரத்துக்குப் பொருள் வாங்கத் தயாராக இருக்கிறவர், அதைக் கட்டிப்போட ஆயிரம் ரூபாய்க் கம்பி வாங்கச் சொன்னால் ஏதோ நாய்ச் சங்கிலி வாங்கச் சொன்ன மாதிரி யோசிக்கிறார்.

உங்கள் லேப்டாப்பை எடுத்து, பக்கவாட்டில் சார்ஜர், யு.எஸ்.பி. ஓட்டைகளுக்குப் பக்கத்தில் பாருங்கள். எந்த ஒயரும் செருக முடியாத, தீப்பெட்டிக் குச்சியின் தலை நுழைகிற அளவில் ஒரு நீளச் சதுர ஓட்டை இருக்கலாம். பல வருஷம் லேப்டாப் வைத்திருப்பவர்கள்கூட அது காற்றுப் போக வைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பூட்டு மாட்டத்தான் அது. கென்சிங்டன் என்ற அமெரிக்கக் கம்பெனி 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் தங்கள் பெட்டிகளில் அந்த ஓட்டையை வைக்க ஆரம்பித்து, அதற்கு கென்சிங்டன் ஸ்லாட் என்றே பெயராகிவிட்டது. அளவு 7 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர். பூட்டின் தலை 'டி' மாதிரி இருக்கும். உள்ளே நுழைத்துச் சாவியைத் திருப்பினால் அந்தத் தலை கால்வட்டம் சுழன்று குறுக்கே நின்றுகொள்ளும். பூட்டின் வாலில் சுமார் ஆறடிக்கு பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பி, கம்பியின் முனையில் ஒரு வளையம். கம்பியை முதலில் கட்டில் காலைச் சுற்றி, வளையத்துக்குள் விட்டு இழுத்துக்கொண்டு, அப்புறம் தலையை லேப்டாப்பில் மாட்ட வேண்டும். மாட்டைத் தறியில் கட்டுகிற அதே வித்தைதான்.

எல்லா லேப்டாப்பிலும் இதே ஓட்டை கிடையாது. ஒல்லியாகச் செய்கிறேன் பேர்வழி என்று கம்பெனிகள் அதையும் சுருக்கிவிட்டன. 'நானோ' என்று 6-க்கு 2.5 மில்லிமீட்டரில் ஒன்று வருகிறது. டெல் மாடல்கள் பலவற்றில் 'வெட்ஜ்' என்று சாய்வாக இன்னொன்று. மேக்புக் ஏரில் என்றைக்குமே கிடையாது. மேக்புக் ப்ரோவில் 2012-இல் ரெட்டினா வந்தபோது எடுத்துவிட்டார்கள். அதற்கெல்லாம் அடியில் ஒட்டுகிற தகடு விற்கிறார்கள், ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான், அழகு போச்சு என்று பிள்ளைகள் அழும். அதனால் பூட்டு வாங்கும்போது லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொல்லி வாங்குங்கள். நேரு ப்ளேஸில் நடைபாதையில் பை, மவுஸ் விற்கிறவர்களிடம்கூட சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 'எல்லாத்துக்கும் ஃபிட் ஆகும் சார்' என்று அவர் சொல்லுவார். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய் மாட்டிக் காட்டச் சொல்லிவிட்டுக் காசு கொடுங்கள்.

பூட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறானே என்றால், எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். பிரியாணி ஊர் என்று இங்கே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு முந்தி அது பூட்டு ஊர். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கொடுத்த நேரத்தில் பட்டறைகளில் பாதி மூடியிருந்தது வேறு கதை. (எங்கள் பிழைப்பைக் கெடுத்த அலிகர் பூட்டு, நான் இப்போது இருக்கும் இடத்திலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில்தான் தயாராகிறது. விதி.) என் தாய்மாமா நாகல்நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் மாங்காய்ப் பூட்டுக்கு அரம் பிடித்தே கை காய்த்தவர். ஒரு தடவை ஊருக்குப் போனபோது என் கேபிள் லாக்கை அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேப்டாப்பில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். கம்பியைச் சுண்டிப் பார்த்தார். ஓட்டையின் ஓரத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"பூட்டு பரவால்ல மாப்ள. கதவுதான் அட்டையா இருக்கு."

அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. ஓட்டையைச் சுற்றி இருப்பது பல லேப்டாப்பில் வெறும் பிளாஸ்டிக். சில பிசினஸ் மாடல்களில் உள்ளே உலோகத் தகடு கொடுத்திருப்பார்கள். மற்றதெல்லாம் ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தால் ஓரம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கம்பியை வெட்ட எலெக்ட்ரீஷியன் பையில் இருக்கிற பெரிய கட்டிங் ப்ளேயர் போதும். 2004-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கூத்து நடந்தது. வட்டச் சாவி போட்ட விலை உயர்ந்த சைக்கிள் பூட்டுகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழாயை நுழைத்துத் திறந்து வீடியோ போட்டுவிட்டார்கள். பூட்டுக் கம்பெனி பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்க வேண்டியதாயிற்று. அதே மாதிரிச் சாவி போட்ட லேப்டாப் பூட்டுகளும் அந்தச் சமயத்தில் மாட்டிக்கொண்டன. நம்பர் பூட்டும் அப்படித்தான். நாலு சக்கரம் என்றால் பத்தாயிரம் எண்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணக்கு சரிதான். ஆனால் மட்டமான பூட்டில் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் சரியான எண்ணில் விரலுக்கே தட்டுப்படும். எண்ண வேண்டிய வேலையே இல்லை.

அப்புறம் எதுக்குய்யா வாங்கச் சொல்றே என்று கேட்பீர்கள்.

வீட்டுக்குள் வந்து லேப்டாப் எடுக்கிறவன் பெரும்பாலும் கட்டிங் ப்ளேயரோடு வருகிறவன் இல்லை. திறந்த கதவைப் பார்த்து வருகிறவன். பி.ஜி., பேச்சிலர் வீடு, ஹாஸ்டல் எல்லா இடத்திலும் நேரம் ஒன்றுதான்: காலை ஆறிலிருந்து எட்டு. பால் வரும், குப்பை எடுக்கிறவர் வருவார், ஒருத்தன் குளிக்கிறான், ஒருத்தன் தூங்குகிறான், ஒருத்தன் டீ குடிக்கப் போயிருக்கிறான். கதவு திறந்தே கிடக்கும். நாலாவது ஆளாக ஒருவன் மாடியேறி வந்து, யாராவது பார்த்தால் "ஷர்மாஜி இருக்காரா?" என்று கேட்டுவிட்டுப் போவான். பார்க்காவிட்டால் மேஜையில் இருப்பதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவான். பத்து விநாடி வேலை. கம்பி இருந்தால் அந்தப் பத்து, முப்பது ஆகும், டடார் என்று ஒரு சத்தமும் கேட்கும். பக்கத்துக் கட்டிலில் கட்டாமல் இன்னொன்று கிடந்தால் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்பதும் உண்மைதான், மறைக்க வேண்டாம்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2008-இல் முனிர்காவில் நாங்கள் நாலு பேர் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் இருந்தோம். இரண்டு பேர் ஐ.டி., ஒருவன் பாங்க், ஒருவன் பக்கத்து யுனிவர்சிட்டியில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த மதுரைக்காரன். அவனுடைய லேப்டாப்தான் போனது. அவன் அப்பா கூட்டுறவு சொசைட்டியில் கடன் போட்டு வாங்கிக் கொடுத்தது. அதைவிட, ஆறு அத்தியாயத்தில் நாலு உள்ளே இருந்தது. பென் டிரைவில் மூன்று மாசத்துக்கு முந்திய காப்பி. நான் அந்த வாரம் ஆபீஸ் வேலையாக ஹைதராபாத்தில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மதுரைக்காரன் கீழே டீ குடிக்கப் போயிருக்கிறான். ஒருத்தன் பாத்ரூமில், ஒருத்தன் தூக்கத்தில். அவன் திரும்பி வந்தபோது மேஜையில் சார்ஜர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த பத்தாவது நிமிஷம் வழக்கம்போல தீதி வேலைக்கு வந்திருக்கிறார். மால்டாவிலிருந்து வந்தவர், எங்கள் வீட்டில் மூன்று வருஷமாகப் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் சொல்லாமலே கிச்சடி போட்டு வைத்துவிட்டுப் போவார். போலீஸ் வந்தது. வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "வேலைக்காரி இருக்காளா?" பூட்டு உடையவில்லை, கதவு பெயரவில்லை, ஒரு கீறல் இல்லை. அப்படியென்றால் உள்ளே வந்து போகிறவர்கள்தான். போலீஸ் கணக்கு அது. வீட்டுக்காரர் கணக்கும் அதேதான்.

தீதியின் தகரக் கூரை அறையில் போய்ப் பெட்டியைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவருடைய பையனை, பதினாலு வயசு இருக்கும், உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஆனால் வீட்டுக்காரர் இனி இந்தக் கட்டடத்துக்குள் அவர் வரக்கூடாது என்றுவிட்டார். அதே கட்டடத்தில் அவருக்கு நாலு வீடு. நாலும் ஒரே நாளில் போனது.

பாதி மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. அதைக் கொடுக்க நானும் மதுரைக்காரனும் தேடிக்கொண்டு போனோம். அவன் பேசவே இல்லை, ரூபாயை நீட்டும்போது கை நடுங்கியது. தீதி திட்டவில்லை, அழவில்லை. இரண்டு தெரு தள்ளிப் புது வீடு பிடித்திருந்தார். "பையா, இப்போ வீட்டுக்குள்ள போனதும் முதல்ல சொல்லிடறேன். போன், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் எடுத்து உள்ள வெச்சுப் பூட்டுங்க, அப்புறம் பெருக்கறேன். மேஜை எல்லாம் துடைக்க மாட்டேன், வேணும்னா இருபது ரூபா குறைச்சுக்கோங்க" என்றார். பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

லேப்டாப் கடைசிவரை கிடைக்கவில்லை. எடுத்தது யார் என்றும் தெரியாது. மதுரைக்காரன் நாலு அத்தியாயத்தையும் திரும்ப எழுதினான். எட்டு மாசம் ஆயிற்று.

நான் கேபிள் லாக் பக்தன் ஆனது அதற்கப்புறம்தான். கம்பி இருந்திருந்தால் அந்த ஆள் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். பிய்த்துக்கொண்டும் போயிருக்கலாம். பிய்த்திருந்தால் மேஜைமேல் பிளாஸ்டிக் துண்டு கிடந்திருக்கும், வெட்டிய கம்பி கட்டில் காலில் தொங்கியிருக்கும். யாரோ வெளியாள் அவசரமாக வந்து உடைத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். தடயமே இல்லாமல் ஒரு பொருள் மறைந்தால்தான் பழி வீட்டுக்குள் யாரையாவது தேடுகிறது. அது எப்போதும் சம்பளம் குறைவாக இருக்கிற ஆளைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறது. ஹாஸ்டலில் அது கூட்ட வருகிற அக்கா. ரூம்மேட்டுகளுக்குள் என்றால், ஃபீஸ் கட்ட லேட்டான பையன். 2024-இல் பெங்களூரில் பி.ஜி.க்களுக்குள் புகுந்து லேப்டாப் திருடிய வழக்கில் கைதானவர் முன்பு ஐ.டி. வேலையில் இருந்தவர், 24 லேப்டாப் மீட்டார்கள் என்று செய்தி வந்தது. அந்த அறைகளில் அதற்கு முந்தி யார் யார் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

சரி, மேட்டருக்கு வருவோம். எதில் கட்டுவது?

இதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். மேஜை காலில் கட்டுவார்கள். மேஜையை ஒரு பக்கம் தூக்கினால் வளையம் கழன்று வந்துவிடும். பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டி வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன், நாற்காலியோடு எடுத்துப் போ என்று அர்த்தம் போலிருக்கிறது. இரும்புக் கட்டில் என்றால் காலில் போடாமல், மேல் சட்டமும் குறுக்குக் கம்பியும் சேருகிற மூலையில் போட வேண்டும், அங்கே எந்தப் பக்கமும் உருவ முடியாது. ஜன்னல் கிரில் நல்லது, ஆனால் லேப்டாப்பை ஜன்னலோரம் வைத்துவிட்டு மழைக்குக் கொடுக்காதீர்கள். தில்லி வெயிலில் ஜன்னலில் கூலர் மாட்டியிருந்தால் அதன் ஸ்டாண்டில் கட்டலாம் என்று ஒருவர் ஐடியா கேட்டார். தண்ணீரும் கரண்ட்டும் இருக்கிற இடம், வேண்டாம் சாமி. இரும்பு அலமாரி இருந்தால் கம்பியே தேவையில்லை, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போகலாம். மாமா செய்கிற மாதிரிப் பூட்டாக இருந்தால் இன்னும் உத்தமம்.

சாவிப் பூட்டு என்றால் இரண்டு சாவி வரும். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து லேப்டாப் பையிலேயே போட்டு வைப்பது நம் தேசிய வழக்கம். ஒன்றை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். நம்பர் பூட்டு என்றால் பிறந்த வருஷம் வேண்டாம், ரூம்மேட்டுகளுக்கெல்லாம் தெரியும், கேக் வெட்டுவதே அவர்கள்தானே. இன்னொன்று: நம்பர் பூட்டில் எண்ணை மாற்ற ஒரு சின்னத் திருகு இருக்கும். திறந்திருக்கும்போது தெரியாமல் அதைத் திருப்பிவிட்டால் புது எண் பதிந்துவிடும். அப்புறம் அந்தப் பத்தாயிரம் கணக்கை நீங்களே போட வேண்டியதுதான்.

ரயில். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் என்றால் வண்டியில் இரண்டு இரவு. லோயர் பெர்த்துக்கு அடியில் பெட்டி கட்ட வளையம் வைத்திருக்கிறார்கள், எல்லோரும் சங்கிலி போட்டுக் கட்டுகிறோம். ஆனால் லேப்டாப் பையை மட்டும் ஜன்னல் ஓரக் கொக்கியில் மாட்டிவிட்டு போபாலில் இறங்கி டீ வாங்குகிறோம். நான் செய்வது: கேபிளை அந்த வளையத்தில் கோத்து, பையின் கைப்பிடிக்குள் விட்டு, ஜிப்பை ஓர் அங்குலம் திறந்து, தலையை உள்ளே இருக்கிற லேப்டாப்பிலேயே மாட்டிவிடுவேன். ஜிப்புக்கு மட்டும் பூட்டுப் போடுவதை நம்பாதீர்கள், பேனா முனையால் ஜிப்பின் பல்லைப் பிரித்துவிட்டு மறுபடியும் மூடிவிடலாம். தங்கமணிக்கு இது எதிலும் நம்பிக்கை இல்லை, "தலைக்கு வெச்சுட்டுப் படுங்க" என்பதே அவர் கட்சி. ஸ்க்ரீன் உடைந்தால் திருட்டுப் போனதில் பாதிச் செலவு என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ரயிலில் போனால் ரயில்வே கொடுக்கும் என்று நினைக்க வேண்டாம். 1989-ஆம் வருஷ ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, நாம் கையோடு கொண்டுபோகிற சாமானுக்கு, ரயில்வே ஊழியர்களின் கவனக்குறைவோ தவறோ என்று நிரூபித்தால்தான் அவர்கள் பொறுப்பு. 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட், பயணியின் இடுப்பிலிருந்து திருட்டுப் போன பணத்துக்கு ரயில்வே பொறுப்பில்லை, தன் பொருளைத் தானே காத்துக்கொள்ள முடியாததற்கு அவர்களைச் சேவைக் குறைபாடு என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டது. இடுப்பில் கட்டியதற்கே அந்தக் கதி. போனால் ஓடும் வண்டியிலேயே 139-க்கு அடித்துச் சொல்லுங்கள். டி.டி.ஈ.யிடமும் ஆர்.பி.எஃப். ஆளிடமும் புகார் எழுதிக் கொடுக்கலாம், அதற்காக நடுவழியில் இறங்க வேண்டியதில்லை.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. சிக்னலில் கண்ணாடியைத் தட்டி "எண்ணெய் ஒழுகுது" என்று சொல்லி நம்மை இறக்கிவிட்டு, மறுபக்கக் கதவைத் திறந்து பையை எடுக்கிற 'டக்-டக்' கும்பல் தில்லியில் ரொம்பப் பிரசித்தம். அங்கே கம்பியெல்லாம் உதவாது. பையை டிக்கியில் வையுங்கள், கிளம்புவதற்கு முன்னாலேயே.

போலீஸ் விஷயத்தில் ஒன்று முக்கியம். தில்லி போலீஸ் இணையதளத்தில் 'லாஸ்ட் ரிப்போர்ட்' என்று ஒன்று உண்டு, இரண்டு நிமிஷத்தில் போட்டுவிடலாம். அது தொலைந்த பொருளுக்கு. திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். ஆபீஸ் லேப்டாப்பானாலும் இன்ஷூரன்ஸ் ஆனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற புதுச் சட்டத்தில், எந்த எல்லைக்குள் நடந்தது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்ய வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. "அது எங்க ஏரியா இல்லை" என்றால் பணிவாக ஞாபகப்படுத்துங்கள். பல இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் உடைத்துத் திருடிய அடையாளம் இருந்தால்தான் பணம் என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். அதனால் வெட்டின கம்பியைக் குப்பையில் போடாதீர்கள். அறையில் இருந்தபடியே போட்டோ எடுத்து வையுங்கள்.

போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கிவிடலாம். லேப்டாப்புக்கு அந்த ஐ.எம்.இ.ஐ. பெரும்பாலும் கிடையாது. அதன் அடியில் இருக்கிற சீரியல் நம்பர்தான் ஒரே ஜாதகம். பில்லோடு சேர்த்துப் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப் குரூப்பில் போட்டு வையுங்கள். குட் மார்னிங் பூக்களுக்கு நடுவில் அதுவும் இருக்கட்டும். வட்டை என்க்ரிப்ட் செய்வது, கிளவுடில் காப்பி வைப்பது இதெல்லாம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். செய்திருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். பாங்க் பாஸ்வேர்டும் ஆதார் ஸ்கேனும் இருக்கிற பெட்டி அது, கம்பி உள்ளே இருப்பதைக் காப்பாற்றாது. மதுரைக்காரன் இப்போது கோவைப் பக்கம் ஒரு காலேஜில் பேராசிரியர். மாணவர்களிடம் தீசிஸை மூன்று இடத்தில் வைக்கச் சொல்கிறானாம். கம்பியும் போடச் சொல்லுடா என்றேன்.

போன வருஷம் எங்கள் பெண்ணும் கிளம்பினாள், தமிழ்நாட்டுக் காலேஜ், ஹாஸ்டல், அறைக்கு நாலு பேர். ஐ-செவன்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினாள். பூட்டைப் பார்த்ததும் மூஞ்சி போன போக்கைச் சொல்லி முடியாது. "அப்பா, எல்லாரும் சிரிப்பாங்க. ரூம்மேட்டை நம்பலைன்னு நினைப்பாங்க." நியாயமான கேள்விதான். முதல் நாளே பூட்டுப் போட்டு உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முனிர்கா கதையைச் சொன்னேன். "அவங்களையும் வாங்கச் சொல்லு, நாலு பேரும் கட்டிட்டா யாரும் யாரையும் சந்தேகப்பட வேணாம்" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மாசம் கழித்து அவளே போனில் சொன்னாள். மற்ற மூன்று பேரும் ஆன்லைனில் வரவழைத்துவிட்டார்களாம். ஜன்னலோரக் கட்டிலில்தான் வசதி என்று நாலு கம்பியையும் அந்த ஒரே கட்டிலில் கட்டியிருக்கிறார்கள். "கூட்ட வர்ற அக்கா கம்பியெல்லாம் ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, 'என்ன பாப்பா, மாட்டுக் கொட்டாய் மாதிரி வெச்சிருக்கீங்க'ன்னு ஒரே சிரிப்பு அப்பா."

மாமாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தக் கட்டில் வெல்டிங்கா போல்ட்டா? அதக் கேளு மொதல்ல."